"ஓம் அண்ணா" என்ற பதிலில் ஏமாறாமல் இருக்க: சிறிய மென்பொருள் குழுவில் அஜைல் முறையைத் தொடங்கும் முழு வழிகாட்டி

திருகோணமலையில் ஏழு பேர் கொண்ட மென்பொருள் குழுவில் லீட் (குழுத் தலைவர்) ஆக இருக்கிறேன். வேலையைச் சிறு துண்டுகளாகச் செய்து, அடிக்கடி காட்டி, திருத்திக்கொண்டு போகும் அஜைல் முறையைக் கொண்டுவர முதல் தடவை முயன்றபோது மூன்றே கிழமையில் கைவிட்டோம். இரண்டாம் தடவை அதே படிகளின் வரிசையை மாற்றிச் செய்தோம், நிலைத்துவிட்டது. அதன்பின் உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் நண்பர்கள் நடத்தும் இரண்டு குழுக்களோடு கூட இருந்து உதவினேன். நாங்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் குழுக்களில் திறமைக்குக் குறைவில்லை. கெட்ட செய்தி பிந்தி வருவதுதான் எங்களைக் கெடுக்கிறது. "புதன்கிழமைக்குள் முடியுமா?" என்று லீட் கேட்டால் "ஓம் அண்ணா" என்று பதில் வரும். அது மரியாதைக்குச் சொல்லும் ஓம். முடியாது என்பது புதன்கிழமை பின்னேரம்தான் தெரியவரும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தச் செய்தியை ஒரு நாளாவது முன்னுக்கு இழுப்பதற்காகத்தான். ஆகவே வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

வேலைகளைத் தாளில் எழுதிக் குத்தி வைக்க முதலில் ஒரு சுவர் வேண்டும். ட்ரெல்லோ, ஜிரா போன்ற கணினிப் பலகைகள் எல்லாம் பிறகு வரட்டும். கணினியில் உள்ள பலகையைத் திறக்காமலே ஒரு கிழமை ஓட்டிவிடலாம். தண்ணீர் குடிக்கப் போகும் வழியில் உள்ள சுவரைப் பார்க்காமல் போக முடியாது. மாரி காலத்தில் ஒட்டுத் தாள்கள் ஈரத்தில் கழன்று காலையில் தரையில் கிடக்கும், எது எங்கே இருந்தது என்று தேடியே அரை நாள் போய்விடும். அதனால் குண்டூசி குத்தக்கூடிய மென்பலகையும் தடித்த மட்டைத் தாளும் வாங்கிவிடுங்கள். குழுவில் பாதிப் பேருக்கு மேல் வீட்டிலிருந்து வேலை செய்தால் மட்டும் முதல் நாளே ட்ரெல்லோவில் தொடங்கலாம்.

அடுத்தது, எது முந்தி எது பிந்தி என்று சொல்வதற்கு ஒரே ஓர் ஆள். அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம் முறையில் இவரைப் புரொடக்ட் ஓனர் என்பார்கள். சிறிய நிறுவனங்களில் முதலாளி ஒரு டெவலப்பருக்குப் போன் எடுப்பார், கிளையன்ட் இன்னொருவருக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். இரண்டு பேரும் "இதுதான் அவசரம்" என்பார்கள். இது சரியாகும்வரை மற்ற எந்தப் படியும் பிடிக்காது.

மூன்றாவது, முதலாளியிடம் ஒரு வாக்கு. சுவரில் தெரிவதை வைத்து மூன்று மாதத்துக்கு யாருடைய சம்பளத்திலும் போனஸிலும் கை வைப்பதில்லை என்று அவர் குழுவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். வாக்குக் கிடைக்காவிட்டால் தொடங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று தெரிந்தவர்கள் சுவரிலும் பொய்தான் ஒட்டுவார்கள்.

2. எல்லாவற்றுக்கும் முதல், தனித்தனியாகக் கதையுங்கள்

அநேகமாக எல்லோரும் தினக்கூட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஏழு பேர் வட்டமாக நின்று "நேற்றுச் செய்ததை இன்றும் செய்கிறேன், பிரச்சினை இல்லை" என்று ஒப்புவித்துவிட்டுப் போனார்கள். ஏழு பேருக்கு முன்னால் "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லும் துணிவு, அதைத் தனியாக ஒருவரிடம் சொல்லிப் பழகிய பிறகுதான் வரும்.

ஆளுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். வயதிலும் அனுபவத்திலும் இளையவரிலிருந்து தொடங்குங்கள். மூத்தவர்களை முதலில் கேட்டால், அவர்கள் சொன்ன கதையை மனதில் வைத்துக்கொண்டுதான் இளையவர்களைக் கேட்போம்.

இடமும் முக்கியம். மேசைக்கு இரண்டு பக்கமும் முகம் பார்த்து உட்கார்ந்தால் அது நேர்முகத் தேர்வாகிவிடும். தம்பிமாருடன் நான் உட்துறைமுக வீதிப் பக்கம் நடப்பேன். ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நடக்கும்போது வாய் தானாகத் திறக்கும். தங்கச்சிமாரை அப்படிக் கூட்டிக்கொண்டு போவதில்லை. எங்கள் ஊர் சிறியது, வீண்கதை வந்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். அவர்களுடன் எல்லோருக்கும் தெரிகிற கண்ணாடி அறையில், சத்தம் மட்டும் வெளியே போகாதபடி கதைப்பேன்.

மூன்று கேள்விகள் போதும். போன கிழமை எதில் உங்கள் நேரம் வீணாய்ப் போனது? எந்தக் கோட் பகுதியைத் தொடப் பயமாக இருக்கிறது? என்னிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா? மூன்றாவதைக் கேட்டதும் மௌனம் வரும். அதை நீங்கள் நிரப்பாதீர்கள்.

எங்கள் குழுவில் வேலைக்கு வந்து எட்டு மாதமான ஒரு தங்கச்சியிடம் அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். பிளேன்டிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணா, பணம் திருப்பிக் கொடுக்கிற பகுதி பதினொரு நாளாக அதே பிழையில் நிற்கிறது" என்றார். பதினொரு நாளும் "நாளைக்கு முடியும்" என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "நீங்கள் கிளையன்ட்டுக்கு வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வது?" என்றார்.

அன்று பின்னேரமே மூத்தவர் ஒருவரை அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பணம் செலுத்தும் சேவையிலிருந்து ஒரே பதில் சில நேரம் இரண்டு தடவை வருகிறது, அதனால் திருப்பிக் கொடுத்த தொகையும் இரண்டு தடவை பதிவாகிறது. மூத்தவருக்கு இது முன்பே பழகிய சங்கதி. ஒன்றரை மணித்தியாலத்தில் சரியாகிவிட்டது. அந்தப் பதினொரு நாளும் என் கணக்கில்தான் சேரும். அவரைக் கேட்காமல் திகதி கொடுத்தவன் நான்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எதிரிலிருப்பவர் சொல்லச் சொல்லத் தட்டச்சுச் செய்வது. எழுத வேண்டியதை அவர் போன பிறகு எழுதுங்கள். மற்றது, கேட்டதை அப்படியே விட்டுவிடுவது. ஒவ்வொருவரும் சொன்னதில் மிகச் சிறிய ஒன்றையாவது அந்தக் கிழமைக்குள் சரி செய்யுங்கள். பழைய மவுஸை மாற்றிக் கொடுப்பதாக இருந்தாலும் சரி. சொன்னால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த தடவை பெரியதைச் சொல்வார்கள்.

இந்தச் சந்திப்பை இரண்டு கிழமைக்கு ஒரு தடவை தொடருங்கள். அவசர வேலை வந்தால் முதலில் தள்ளிப்போடத் தோன்றுவது இதைத்தான். வேறு நாளுக்கு மாற்றலாம், இல்லாமல் செய்யாதீர்கள்.

3. வேலை முழுவதையும் சுவரில் ஏற்றுங்கள்

"செய்ய வேண்டியது, செய்வது, செய்தது" என்று சுவரில் மூன்று நிரல் (மேலிருந்து கீழான பத்தி) போட்டுத் தொடங்காதீர்கள். கடைசியாக முடித்த மூன்று வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றும் யார் யார் கையில் போய் வந்தது என்று கேளுங்கள். அந்தப் பயணம்தான் உங்கள் நிரல்கள். எங்களுக்கு ஆறு வந்தன: காத்திருக்கிறது, எழுதுகிறோம், கோட் ரிவியூ (எழுதியதை இன்னொருவர் பார்ப்பது), டெஸ்டிங் (சோதிப்பது), கிளையன்ட் பார்க்கிறார், முடிந்தது. மூன்று நிரல் மட்டும் இருந்திருந்தால், ரிவியூவுக்காக ஆறு நாள் சும்மா கிடக்கும் வேலையும் "செய்வது" என்ற நிரலுக்குள் ஒளிந்திருக்கும்.

ஒவ்வொரு தாளிலும் மூன்று விடயம் எழுதுங்கள்: என்ன வேலை, அது யாருக்குப் பயன்படும், எந்தத் திகதியில் தொடங்கினோம். வேலை முடியும்வரை ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு பேனைப் புள்ளி வையுங்கள். எட்டுப் புள்ளியோடு நிற்கும் தாள் தன் கதையைத் தானே சொல்லும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை.

ஒளிந்திருக்கும் வேலைகளையும் விடாதீர்கள். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு மென்பொருள் செய்பவர்களுக்கு இது தெரியும். மே முதல் செப்டம்பர் வரை சீசன், வரவேற்பு மேசையிலிருந்து "பில் அடிக்க முடியவில்லை" என்று போன் வந்துகொண்டே இருக்கும். அந்த அழைப்புகளை எடுப்பவர் ஒரு வரி கோட் எழுதாமல் களைத்துப் போவார், சுவரில் அவர் சும்மா இருந்ததாகத் தெரியும். அப்படியான ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சிவப்புத் தாள் குத்துங்கள்.

தாளை நகர்த்துவது அந்த வேலையைச் செய்தவரின் கை. லீட் நகர்த்தத் தொடங்கினால் சுவர் லீட்டின் சொத்தாகிவிடும், மற்றவர்கள் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

4. கையில் உள்ளதைக் குறையுங்கள்

எல்லாவற்றையும் ஏற்றிய அன்று எங்கள் சுவரில், தொடங்கி முடியாமல் 18 தாள் இருந்தன. கிழமைக்கு மூன்று முடித்துக்கொண்டிருந்தோம். ஜான் லிட்டில் 1961 இல் நிறுவிய விதி இங்கே அப்படியே பொருந்தும்: கையில் உள்ள வேலையை, முடிக்கும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலைக்குச் சராசரியாக ஆகும் காலம் வரும். 18 ஐ 3 ஆல் வகுத்தால் ஆறு கிழமை. கையில் 9 மட்டும் இருந்தால், வேகம் அதே மூன்றாக இருந்தாலும், மூன்று கிழமை.

2009 இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் படகுப் பாதையில் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரையில் எத்தனை வாகனம் வந்து நின்றாலும் ஒரு தடவைக்கு ஏறுவது அவ்வளவுதான். வரிசை நீண்டால் காத்திருப்புத்தான் நீளும்.

நிரலுக்கு மேலே எண் எழுதி வையுங்கள். ஏழு பேருக்கு "எழுதுகிறோம்" 5, "கோட் ரிவியூ" 2, "டெஸ்டிங்" 2 என்று தொடங்கலாம். நிரல் நிரம்பியிருந்தால் புதிய வேலையைத் தொடக்கூடாது. வலப்பக்கம் நிற்கும் ஒன்றை முடிக்கக் கை கொடுக்க வேண்டும்.

இந்தப் படியில்தான் எதிர்ப்பு வரும். ஒருவர் கொஞ்ச நேரம் கை கட்டி இருப்பதைப் பார்த்தால் முதலாளிக்கு மனம் பொறுக்காது. "சும்மா இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது கொடுங்கள்" என்பார். அவருக்கு அந்த வகுத்தல் கணக்கை எழுதிக் காட்டுங்கள். எனக்கு வேறு எந்த விளக்கமும் வேலை செய்யவில்லை.

5. "முடிந்தது" என்றால் என்ன என்று எழுதி ஒட்டுங்கள்

எழுதியவருக்கு முடிந்தது என்றால் தன் கணினியில் ஓடுகிறது என்று பொருள். டெஸ்டருக்கு வேறு, கிளையன்ட்டுக்கு வேறு. எங்கள் பட்டியலில் நான்கே வரிகள்: இன்னொருவர் கோட்டைப் பார்த்திருக்க வேண்டும், டெஸ்டிங் தாண்டியிருக்க வேண்டும், கைத்தொலைபேசித் திரையில் சோதித்திருக்க வேண்டும், உண்மையான பயனர் பாவிக்கும் சேர்வரில் ஏறியிருக்க வேண்டும். பத்து வரிக்கு மேல் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

6. வேலையைச் சிறிதாக வெட்டப் பழகுங்கள்

மூன்று நாளில் முடியாத தாளைச் சுவரில் ஏற்றாதீர்கள். வேலை சிறிதாக இருந்தால் பிழையும் சிறிதாக இருக்கும், சிக்கியதும் சீக்கிரம் தெரியும்.

வெட்டும் விதத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். அறை முன்பதிவு செய்யும் வசதி ஒன்றை எடுங்கள். பழக்க தோசத்தில் "டேட்டாபேஸ் ஒரு தாள், சேர்வர் பக்கம் ஒரு தாள், திரை ஒரு தாள்" என்று வெட்டுவார்கள். மூன்றும் முடிந்து சேரும்வரை யாருக்கும் எதையும் காட்ட முடியாது. சேர்க்கும் நாளில்தான் எல்லாப் பிழையும் ஒன்றாக வெளியே வரும்.

இப்படி வெட்டிப் பாருங்கள். முதல் தாள்: வரவேற்பாளர் ஒரு அறையை ஒரு இரவுக்குப் பதிவு செய்யலாம், காசை வந்து கட்டலாம். இரண்டாவது: பல இரவுகள். மூன்றாவது: விருந்தினர் தாமே பதிவு செய்யலாம். நான்காவது: இணையத்தில் பணம் கட்டலாம். அப்புறம் ரத்து செய்வது, அப்புறம் பணம் திருப்பிக் கொடுப்பது. ஒவ்வொன்றிலும் டேட்டாபேஸும் திரையும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். முதல் தாள் முடிந்த அன்றே ஒரு விடுதியில் பாவிக்கத் தொடங்கலாம்.

வெட்டத் தெரியவில்லை என்று குழு சொன்னால், "நாளை மறுநாள் காட்டியே ஆக வேண்டும் என்றால் எதை விடுவீர்கள்?" என்று கேளுங்கள். விடுவதாகச் சொல்வதெல்லாம் தனித் தாள்.

7. இப்போதுதான் தினக்கூட்டம்

சுவர் இருக்கிறது, தாள்கள் சிறியவை, ஆட்கள் உங்களிடம் உண்மை சொல்லப் பழகியிருக்கிறார்கள். இனி நின்று கதைப்பதில் பயன் உண்டு. எங்கள் நேரம் காலை 9.30. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் பஸ்ஸில் வருபவர்கள் ஓடி வந்து மூச்சு வாங்காமல் நிற்கக்கூடிய நேரமாகப் பார்த்து வைத்தோம். 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. ஸ்க்ரம் விதியும் அதுதான்.

ஆள் ஆளாகக் கேட்காதீர்கள். தாள் தாளாக, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வாருங்கள். முடிவுக்குக் கிட்ட இருப்பதைத்தான் முதலில் தள்ள வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரே கேள்வி: இது அடுத்த நிரலுக்குப் போக என்ன வேண்டும்? "நேற்று என்ன செய்தாய்?" என்று கேட்டால் கணக்கு ஒப்புவிப்பார்கள். தாளைப் பற்றிக் கேட்டால் உதவி கேட்பார்கள்.

லீட் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். நான் சுவருக்குப் பக்கத்தில் நின்றவரை எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே பேசினார்கள். ஒரு நாள் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டு நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் மற்றவரிடம், "உன்ரை ரிவியூ இன்றைக்குத் தந்தால் நான் நாளைக்கு ஏற்றுவேன்" என்று நேரே சொன்னார். கூட்டம் அன்றுதான் தொடங்கியது என்று சொல்வேன்.

"சேர்", "அண்ணா", "அக்கா" என்று அழைப்பதை விட்டுவிட்டுப் பெயர் சொல்லுங்கள் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். வாய்க்கு வராத பழக்கத்தைத் திணித்தால் வாயே திறக்காது. அதற்குப் பதில் இளையவரை முதலில் பேச விடுங்கள். மூத்தவர் சொன்ன பிறகு அவரை மறுத்துப் பேச எங்கள் பிள்ளைகளுக்கு வராது. அதனால் மூத்தவர் கடைசியில் சொல்லட்டும்.

எங்கள் குழுவில் தமிழும் சிங்களமும் புழங்கும். தாளில் எல்லோருக்கும் வாசிக்கத் தெரிந்த மொழியில் எழுதுவோம். பேசும்போது அவரவருக்கு வரும் மொழியில் பேசுவோம், பக்கத்தில் நிற்பவர் மற்ற மொழியில் ஒரு வரி சொல்லிவிடுவார். அரை நிமிடம் கூடுதலாகும். அந்த அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தால், ஒருவர் கூட்டம் முழுக்க ஒன்றும் விளங்காமல் தலையாட்டிக்கொண்டு நிற்பார்.

8. இரண்டு கிழமைத் திட்டம்

ஸ்க்ரம் முறையில் ஒரு ஸ்பிரின்ட், அதாவது ஒரு தடவை திட்டமிட்டு வேலை செய்யும் காலம், ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது. தொடக்கத்தில் இரண்டு கிழமை வையுங்கள். ஒரு கிழமை என்றால் கூட்டங்களே தின்றுவிடும், ஒரு மாதம் என்றால் பிழையான பாதையில் நெடுந்தூரம் போய்விடுவீர்கள்.

திட்டமிட முதல் நாட்காட்டியை எடுங்கள். ஏழு பேர், பத்து வேலைநாள், மொத்தம் 70. ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால் 63. லீவு நான்கு நாள் என்றால் 59. சீசனில் போன் எடுக்க ஒருவரை முழுதாக ஒதுக்கினால் 50. இந்த ஐம்பதையும் நிரப்பாதீர்கள். முதல் தடவை 30 நாள் வேலைக்கு மேல் எடுக்க வேண்டாம். கரண்ட் போகும், ரிவியூ இருக்கும், எதிர்பாராத பிழை வரும். வெள்ளிக்கிழமை 12 மணியிலிருந்து 2 மணிவரை எந்தக் கூட்டமும் வைப்பதில்லை, ஜும்மாவுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோவில் திருவிழா நாட்களையும் அப்படியே முன்கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிடத்தில் தயங்கித் தயங்கி லீவு கேட்கும் நிலைக்கு யாரையும் விடாதீர்கள்.

ஒரு தாள் எவ்வளவு வேலை என்று மதிப்பிடும்போது யாரும் வாயால் எண் சொல்லக்கூடாது. மூத்தவர் "இரண்டு" என்றால் அடுத்த ஆறு பேரும் இரண்டுதான். மூன்று எண்ணி எல்லோரும் ஒன்றாக விரல் காட்டுங்கள். ஒருமுறை ஆறு பேர் இரண்டு விரல் காட்ட, ஒரு தம்பி மட்டும் ஐந்து காட்டினார். கையைக் கீழே இறக்கப் பார்த்தார், நான் விடவில்லை. வரிக் கணக்கு கோட்டில் மூன்று இடத்தில் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. கூடிய எண் காட்டியவரும் குறைந்த எண் காட்டியவரும் முதலில் பேசட்டும். நீங்கள் தேடுவது அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கும்.

கிளையன்ட்டுக்குத் திகதி கொடுப்பது இதற்குப் பிறகுதான். அதையும் வேலை செய்பவரைக் கேட்டுக் கொடுங்கள். முடியுமா என்று கேட்டால் ஓம்தான் வரும். "இது பிந்துவதாக இருந்தால் எதனால் பிந்தும்?" என்று கேளுங்கள். அதற்கு ஓம் என்று பதில் சொல்ல முடியாது.

9. ஓடும் மென்பொருளைக் காட்டுங்கள்

ஸ்பிரின்ட் முடிவில் ஸ்லைட் காட்சி தயாரிக்க வேண்டாம். உண்மையான மென்பொருளை, எழுதியவரே இயக்கிக் காட்டட்டும். கிளையன்ட் லண்டனில் என்றால் எங்கள் பின்னேரம் 2.30 நல்ல நேரம்: அங்கே கோடையில் காலை 10, குளிர்காலத்தில் 9.

முடிந்தால் காசு கொடுப்பவரோடு, பாவிப்பவரையும் கூப்பிடுங்கள். நிலாவெளி விடுதி ஒன்றின் வரவேற்பாளர் அக்கா ஒருவரை ஒருமுறை உட்கார வைத்தோம். அவர் முதலில் தட்டியது வெளிநாட்டு விருந்தினர் ஒருவரின் தொலைபேசி இலக்கம். எங்கள் படிவம் பத்து இலக்கத்துக்கு மேல் ஏற்கவில்லை. ஏழு பேரும் எங்கள் சொந்த இலக்கங்களைப் போட்டே சோதித்திருந்தோம்.

10. ரெட்ரோ

நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம் இது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, ஒரு மணித்தியாலம். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல், தடுக்கிய விடயங்களைத் தாளில் எழுதட்டும். தாள்களைக் கலந்து, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசிக்கட்டும். எழுத்து அடையாளம் தெரியும்தான், ஆனாலும் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை என்பதே பெரிய ஆறுதல்.

"யார் செய்தது?" என்று பேச்சுப் போனால் "எந்தக் கட்டத்தில் தெரிந்திருக்கலாம்?" என்று திருப்புங்கள். முடிவில் ஒரே ஒரு மாற்றத்தைத் தெரிவு செய்து, ஒருவர் பொறுப்பெடுத்து, அதையும் சுவரில் தாளாகக் குத்துங்கள். ஒன்பது முடிவு எடுத்து ஒன்றையும் செய்யாத ரெட்ரோக்களைப் பார்த்திருக்கிறேன். நான்காவது தடவை யாரும் எழுதமாட்டார்கள். முதலாளி உள்ளே இருந்தால் முதல் தடவையே எழுதமாட்டார்கள். வர வேண்டாம் என்று அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள், பெரும்பாலும் விளங்கிக்கொள்வார்.

11. ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை

பாராட்டை எல்லோர் முன்னாலும், திருத்தத்தைத் தனியாகவும் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரு குறிப்பிட்ட செயலைச் சொல்லுங்கள். "நல்லாச் செய்தீர்" என்றால் எதைத் திரும்பச் செய்வது என்று தெரியாது. "நேற்று ரிவியூவில் அந்த இரட்டைப் பதிவைப் பிடித்தீர், கிளையன்ட்டுக்குப் போகாமல் தப்பினோம்" என்றால் தெரியும்.

ஒருவர் பின்தங்கினால் இந்த வரிசையில் பாருங்கள்: வேலை விளங்கியதா? செய்யக் கற்றுக்கொடுத்தோமா? வீட்டில் ஏதாவது பாரமா? மனம் இல்லை என்ற முடிவுக்குக் கடைசியில் வாருங்கள். நான் பார்த்தவற்றில் அநேகமானவை முதல் இரண்டிலேயே தீர்ந்தன.

தனி ஆளின் எண்ணிக்கையை அளக்காதீர்கள். யார் எத்தனை தாள் முடித்தார் என்று கணக்கிட்டால் சுலபமான தாள்களுக்குப் போட்டி வரும், பக்கத்திலிருப்பவருக்கு யாரும் உதவ மாட்டார்கள். ஒரு தாள் தொடங்கி முடிய எத்தனை நாள் ஆகிறது, இப்போது சுவரில் மிகப் பழைய தாள் எது, இந்த இரண்டையும் ஆள் ஆளாக இல்லாமல் முழுக் குழுவுக்குமாகப் பாருங்கள். புள்ளிகளை எண்ணினால் போதும்.

நல்லவர்கள் போவார்கள். கொழும்புக்கு இரவு ரயில் ஏறுவார்கள், சிலர் அதற்கும் அப்பால். அதைத் தடுக்கக் கவலைப்படுவதை விட, ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த கோட் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழமையில் இரண்டு பின்னேரம் இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்து, தெரியாதவர் தட்டச்சுச் செய்ய, தெரிந்தவர் சொல்லிக்கொடுக்கட்டும். போகிறவரும் குற்ற உணர்வு இல்லாமல் போகலாம்.

12. புதியவர் வரும் நாள்

முதல் நாளே அவருக்கு மிகச் சிறிய தாள் ஒன்றைக் கொடுங்கள். ஒரு பொத்தானில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்துவது போதும். அதை அவரே எழுதி, ரிவியூ வாங்கி, டெஸ்டிங் தாண்டி, சேர்வரில் ஏற்றி, தன் கையால் கடைசி நிரலுக்கு நகர்த்தட்டும். குழுவின் பாதை முழுவதையும் ஒரு நாளில் நடந்துவிடுவார்.

அந்தக் கிழமைக்குள் இரண்டாம் படிக்குத் திரும்பி, அவருடன் அரை மணித்தியாலம் நடங்கள். இரண்டு கிழமை கழித்து, "இங்கே உங்களுக்கு விசித்திரமாகப் பட்டது எது?" என்று கேளுங்கள். நாங்கள் பழகிப்போய்க் காணாமல் விட்டது அவர் கண்ணுக்கு அதுவரைதான் தெரியும். சொல்வதை எழுதிக்கொண்டு, அவர் சம்மதித்தால் அடுத்த ரெட்ரோவில் முதல் தாளாக வையுங்கள்.